பல்லச்சு

ஏழு வருடத்துக்கு முன் ஆறிப்போன காயம் சனிக்கிழமை காலையில் ஈரமாக இருந்தது. எமிலியானுசின் இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே கிடக்கும் அந்தத் தழும்பை அக்னெஸ் கல்யாணம் முடித்த நாளிலிருந்து பார்க்கிறாள். கப்பலில் கம்பி கிழித்தது என்று அவன் சொல்லியிருந்தான், அவளும் நம்பியிருந்தாள், வழுவழுப்பான ஒரு தடிப்பு, கோடையில் கொஞ்சம் கறுக்கும், மாரியில் வெளுக்கும், அவ்வளவுதான். இப்போது அதன் ஓரம் விட்டு, மெல்லிய இரத்தநீர் கசிந்து, சட்டைக் கையோடு ஒட்டியிருந்தது. வெளியே, கனடாவின் மொன்ட்ரியால்-நோரில், தெருவில் பனி தள்ளும் வண்டி பின்னுக்கு வருகிற சத்தம். அறைக்குள் ஹீட்டர் குழாய் டிக் டிக்கென்று சூடேறிக்கொண்டிருந்தது. நித்திரையில் சொறிந்திருப்பான் என்று நினைத்து அவள் துணி சுற்றிக் கட்டிவிட்டாள்.

எமிலியானுஸ் அவளுடைய தம்பி றெக்சின் கூட்டாளி. 1999இல் இருவரும் ஒரே ஏஜென்டை நம்பி, ஆபிரிக்காவில் ஒரு பழைய சரக்குக்கப்பலின் அடித்தட்டில் ஏறினார்கள். ஐந்து மாதம் கடல். கரையிறங்கியது எமிலியானுஸ் மட்டும். றெக்ஸ் காய்ச்சலில் போய்விட்டான், என் மடியில்தான் உயிர் போனது, செபம் சொல்லிக் கடலில் இறக்கினோம் என்று அவன் தொலைபேசியில் அழுதபோது மன்னாரில் இருந்து அவளும் அழுதாள். தம்பியின் கடைசி மூச்சைப் பார்த்தவன் என்ற ஒன்றுக்காகத்தான் இவனைக் கட்டினாள்; அழகுக்காக யாரும் எமிலியானுசைக் கட்டமாட்டார்கள். அந்தக் கதை பொய்யென்றால் இந்த நாட்டில் அவளுக்கு நிற்க இடமில்லை.

ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது அவன் பல் தேய்த்துத் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. வாயைத் திறந்தால் பழுதான மீன்பெட்டியின் வீச்சம். கோட்டுப் போடக் கையைத் தூக்கினான். டக். பத்தொன்பது வயதில் ஊரில் சென்றிச் சாவடியில் ஆமிக்காரன் துவக்குப்பிடியால் அடித்து முறித்து, பிறகு நன்றாகப் பொருந்திப்போன காறையெலும்பு, பொருந்திய இடத்திலேயே விட்டுத் தோலுக்கடியில் நிமிர்ந்து நின்றது. அவனை யாரும் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்கவி என்ற பெண் டாக்டர் இருந்தாள். சென்னையிலிருந்து வந்து பயிற்சியில் இருப்பவள். தமிழ் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இவர் பழமே சாப்பிட மாட்டாரா?"

"கிழமைக்கு ஒரு பெட்டி தோடம்பழம் வாங்கிறனாங்கள்."

"தோடம்பழம்னா?"

"ஒரேஞ்ச்."

பார்கவி கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். இரத்தத்தில் வைட்டமின் சி துளிகூட இல்லை. "இது ஸ்கர்வி. அந்தக் காலத்துக் கப்பல்காரங்க வியாதி. மாசக்கணக்கா கடல்ல காய்கறி இல்லாம கிடப்பாங்க. ஈறு கறுத்து வாய்க்குள்ள தொங்கும், கத்தியால அறுத்துப் போடுவாங்க. புயல்ல, சண்டையில செத்தவங்களவிட இதுல செத்தவங்கதான் ஜாஸ்தி." படித்ததைச் சொல்லும் உற்சாகத்தில் நோயாளி பக்கத்தில் இருப்பதை அவள் மறந்துவிட்டாள். "உடம்பு ஒரு காயத்தை ஆத்திட்டு விட்டுடறதில்லைக்கா. தினமும் தைச்சுக்கிட்டே இருக்கும். நூல் தீர்ந்துபோச்சுன்னா பிரிஞ்சிடும். இருபது வருஷத்துக்கு முன்னாடி பட்ட காயம்கூட நேத்து பட்ட மாதிரி திறந்துக்கும். எலுமிச்சம்பழம் கொடுத்தா ஒரு வாரத்துல எழுந்து உக்காந்துடுவாங்க. அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எத்தனையோ ஆயிரம் பேர் போயிட்டாங்க."

எமிலியானுஸ் சுவரைப் பார்த்தபடி இருந்தான். கடலில் வயிற்றைப் பிரட்டினால் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லித் தம்பிக்கு ஒரு பெரிய போத்தல் நிறைய எலுமிச்சை நறுக்கி உப்புத் தேசிக்காய் போட்டுக் கொடுத்தவள் அக்னெஸ்தான். கப்பலில் எல்லாருக்கும் முரசு, பார்கவி சொன்ன அந்த ஈறு, அழுகியது என்று எமிலியானுஸ் ஒருமுறை சொல்லியிருந்தான். அவனுக்கு மட்டும் ஏன் அழுகவில்லை என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஊசி போட்டார்கள், தோளைக் கட்டினார்கள், குளிசை தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அவன் பன்னிரண்டு தோடம்பழம் தின்றான், தோலோடு தின்றான், தின்னத் தின்ன இரண்டு பல் கழன்று விழுந்தது. கையைக் காட்ட மறுத்தான். அவள் அவிழ்க்கப் போனபோதெல்லாம் நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டான்.

அக்னெசுக்குச் செயின்ட்-மிஷேலில் பொய்ப்பல் செய்யும் பட்டறையில் வேலை. ஆட்கள் மெழுகில் கடித்த அச்சு அங்கே வரும். மூன்று வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, முகம் தெரியாமலே கடியை வைத்து ஆளைப் பிரித்துச் சொல்லுவாள்.

புதன் மத்தியானம். ஜன்னல் முழுக்கப் பனியின் வெளிச்சம். அவனுக்கு எழும்பவே சீவனில்லை. குசினி மேசையில் அவன் கையை நீட்டி வைத்துத் துணியை அவிழ்த்தாள். தடிப்பு கரைந்துபோயிருந்தது. காயம் அன்று பட்ட வடிவிலேயே திறந்து கிடந்தது.

கம்பிக் கோடு இல்லை. வளைவு. மேலே ஒன்று. கீழே ஒன்று.

பல்.

எண்ணினாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. பக்கத்துப் பல் குறுக்காகத் திரும்பியிருந்தது. அந்தக் குறுக்குப் பல்லைச் சொல்லித்தான் றெக்சை அவள் சின்ன வயதெல்லாம் அழவைத்தாள்.

"இது ஆர் கடிச்சது?"

"கம்பி."

"இது என்ர தம்பியின்ர பல்லு."

ஹீட்டர் குழாய் டிக் டிக்கென்றது. அவன் அழத் தொடங்கினான். முரசு வீங்கிய வாயிலிருந்து சொற்கள் குழைந்து வந்தன.

"நாலாம் மாதம். எல்லாரும் செத்துக்கொண்டிருந்தவங்கள். அவன் தேசிக்காய்ப் போத்தலை வைச்சு ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தவன். எனக்கு ஒரு துண்டு காணாது எண்டு பறிச்சனான். கையைக் கவ்விப் பிடிச்சிட்டான். இரும்புக் கட்டையால தலையில அடிச்சனான். திருப்பித் திருப்பி அடிச்சனான். செத்த பிறகும் விடேல்லை, அக்னெஸ். தாடையை உடைச்சுத்தான் கையை எடுத்தனான்."

"மடியில போனவன் எண்டு சொன்னீங்கள்."

அவன் கையைப் பார்த்தான். "இன்னும் விடேல்லை."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சதை குழிந்தது. எதுவும் தொடவில்லை. மெழுகில் பல் இறங்குவதுபோல மேல்வரிசை இறங்கியது. பிறகு கீழ்வரிசை. இரத்தம் மேசையில் பரவி விளிம்பால் சொட்டியது. எமிலியானுஸ் அலறினான். கீழ்வீட்டுக்காரன் தடியால் இடிக்கும் சத்தம் தரையில் கேட்டது.

"பிடி, அக்னெஸ். பிடிச்சு இழு."

பிடித்தாள். ஒரு கை மணிக்கட்டில். ஒரு கை முழங்கையில். இழுக்கவில்லை. பாரம் முழுவதையும் போட்டு மேசையோடு அழுத்தினாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

உப்புத்தண்ணீர் மணந்தது. அவளுடைய புறங்கையில் ஈரமான தலைமயிர் பட்டது.

"ஆறுதலாக் கடி, தம்பி, அவசரமில்லை," என்றாள்.

தலைமயிர் இன்னும் குனிந்தது. பல் எலும்பில் உரசியது. அவள் பிடியை விடவில்லை.