மன்னர் காதில் சொல்லாதது

இறந்த மன்னரின் மூக்கருகே, சோப்பு நுரையில் ஒரு குமிழி பெருத்து உடைந்தது.

நாவிதர் கத்தியை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார். அறையில் காற்றே இல்லை, மெழுகுவர்த்திச் சுடர்கூட அசையவில்லை. ஆனால் தைலமும் ஈரக்கல்லும் மணக்கும் ஏதோ ஒரு மூலையிலிருந்து, தூங்குகிறவர் விடுவது போன்ற மெல்லிய மூச்சு சுவரைத் தடவிக்கொண்டு வந்து அவர் பிடரியில் நின்றது.

அந்த நாட்டில் மன்னருக்குக் கெட்ட செய்தி சொல்லும் உரிமை, அவர் கழுத்தில் கத்தி வைக்கிறவனுக்கு மட்டும்தான். 'நீங்கள் இறந்துவிட்டீர்கள், அரியணை இனி உங்களுடையது இல்லை' என்று பழைய மந்திரச் சொற்களில் பிணத்தின் காதில் சொல்வதும் அவன் வேலையே. சொல்லாவிட்டால் மன்னர் அரியணையை விட்டுப் போகமாட்டார். சொற்களைத் தகப்பன் சாகும் நேரத்தில்தான் மகனுக்குத் தரவேண்டும். நாவிதரின் அப்பாவுக்கு வாதத்தில் வாய் கோணிவிட்டது. சொற்களைத் தர முடியாமல் கண்ணால் கெஞ்சிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். மன்னருக்கு முன்னால் தானும் போய்விடுவோம் என்று நம்பி, நாவிதர் அதை மறைத்தே வாழ்ந்துவிட்டார்.

வாசலில் குருவி எட்டிப் பார்த்தாள். மன்னரின் பேத்தி, தாய் தகப்பன் இல்லாதவள். இன்று அவளுக்குத்தான் மகுடம்.

"தாத்தாகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?"

"சொல்லிட்டேன் கண்ணு."

"திட்டலையா? ஆச்சரியம்தான்." சிரித்துக்கொண்டே ஓடினாள்.

நாவிதர் குனிந்து வாய்க்கு வந்ததையெல்லாம் முணுமுணுத்தார். பிறகு கெஞ்சினார். "போயிடுங்க ராஜா. சின்னப் பொண்ணு. விட்டுடுங்க."

இன்னொரு குமிழி உடைந்தது.

அமைச்சரிடம் ஓடி, முடிசூட்டலை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லிக் காலில் விழுந்தார். பொழுது சாய்வதற்குள் அரியணை நிரம்பாவிட்டால் நாடு இரண்டாகும் என்றார் அமைச்சர். "தாடி வழிக்கிறவன் நேரமும் குறிக்க ஆரம்பிச்சாச்சா? போய்க் கத்தியைக் கழுவு."

மண்டபத்தில் அரியணைக்குப் பக்கத்திலேயே பாடையை இறக்கினார்கள். தரை எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு குருவி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் மகுடம் இறங்கியது.

கால்கள் நின்றன.

நாவிதரின் பிடரியில் இப்போது அந்த மூச்சு இல்லை. மன்னர் போய்விட்டாரா? நாவிதர் நிமிர்ந்தார்.

குருவி மண்டபத்தை நிதானமாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக. ஏற்கெனவே எடைபோட்டு வைத்த முகங்களைப் போல.

"கிழவனைக் கொண்டு போங்க. சீக்கிரம் மூடுங்க."

பாடை கிளம்பியது. தலைமாட்டில் நாவிதர். படிகள். இருட்டு. கல்பெட்டி. உடலை உள்ளே கிடத்தினார்கள்.

தலையைச் சரிசெய்யக் குனிந்தார்.

மன்னரின் கண்கள் திறந்திருந்தன. நனைந்திருந்தன.

"மாமா," என்றது கரகரத்த கிழட்டுக் குரல். "என்னை எதுக்கு இங்க படுக்க வெச்சிருக்காங்க?"

"நிறுத்துங்க," என்றார் நாவிதர். மறுபடி கத்தினார். யாரும் நிற்கவில்லை. அரசியின் உத்தரவு.

கல் மூடி நகர்ந்தது.

கூட்டத்தில் தொலைந்துவிடுவோமோ என்று பயந்த குழந்தை பிடிப்பதுபோல, அந்தச் சுருங்கிய கை அவர் சுட்டுவிரலைப் பிடித்திருந்தது. விடவேயில்லை.