டெல்லியைக் கேட்டுத்தான் கல்யாணம்

"எந்திரிங்க... அது நம்ம சீட்டுங்க!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். மழையில் தொப்பலாக நனைந்த ஒரு நெட்டை வாலிபன். அம்மாடி... என்ன கண்ணு இது!

"ஏன், வெலைக்கு வாங்கிட்டீகளா?"

"ஜன்னல் வழியாத் துண்டு போட்டு வெச்சேனுங்களே!"

"ஆளில்லாத தீவுல கொடியை வீசிட்டுப் போயிட்டா நாடு உங்களதாயிருமா? வந்து குடியிருக்கணும். சர்வதேசச் சட்டம் அப்படித்தேன் சொல்லுது."

அவன் சட்டென்று சிரித்துவிட்டான். "ஏனுங்க... இதுக்கெல்லாமா சட்டம் இருக்குது?"

"அதைப் படிச்சுத்தான் தூதரக வேலைக்குப் போறா தம்பி," பக்கத்திலிருந்த அம்மா காளியம்மாள் முந்திக்கொண்டாள். "சின்னாளபட்டித் தறிக்காரன் மக, டெல்லிக்கு! என்ன பிரயோசனம்? கல்யாணம் கட்டணும்னா கவர்மெண்டைக் கேக்கணுமாம். அவுக வேணாம்னுட்டா, கட்டிக்கிட்டு வேலையை விடணுமாம். எவன் வருவான்?"

"ஆம்பளைக்கும் அப்படித்தானுங்களா?"

"பொம்பளைக்கு மட்டுந்தேன்," என்றாள் செல்லக்கிளி.

எதிர் சீட்டில் உட்கார்ந்தவன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். சண்டை வந்தால் தூதரை யார் காப்பாற்றுவார்கள்? கடல் யாருக்குச் சொந்தம்? இதுவரை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதே இல்லை... பதில் சொல்லச் சொல்ல ஜன்னலை மறந்து அவன் பக்கமே திரும்பி உட்கார்ந்தாள்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் தயங்கினான். "பேசாம வேலையை விட்டுட்டா... பழனியில நம்ம பஞ்சாமிர்தக் கடை இருக்குதுங்க..."

அவள் முகம் சுண்டிப்போனது. இவனுமா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழனியில் அம்மா குதிரை வண்டி பேசப் போன நேரம், மழையில் ஓடி வந்தான்.

"தப்புங்க. உங்களைப் பிடிச்சுப்போச்சு... அவசரத்துல உளறிட்டேன். டெல்லிக்கு எழுதிக் கேளுங்க. வேண்டாம்னுட்டாங்கன்னா... கல்யாணத்தை விட்டுருவோம். வேலையை விட்டுறாதீங்க."

அவன் இமையில் ஒரு மழைத்துளி நடுங்கியது.

"ரெண்டையும் விட மாட்டேன். வேணாம்னு சொல்லட்டும், நானே போயி வாதாடுறேன்."

"அப்படின்னா...?"

"எனக்கும்... பிடிச்சிருக்குன்னு அர்த்தம்! வழியெல்லாம் கேள்வி கேட்டீகளே, உங்க பேரைச் சொன்னீகளா? மாப்பிள்ளை யாருன்னு டெல்லிக்காரன் கேப்பானே!"

"தண்டாயுதபாணிங்க..." என்றான், வெட்கத்தில் குரல் எழும்பாமல்.