மெரூன் நிற மாரிஸ்

"அண்ணே, மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் போயிருக்கா?"

ஐப்பசி மழை அப்போதுதான் பிடித்திருந்தது. அமராவதிபுதூர் ரோட்டோரம், புளியமரத்தடியில் ஒரு பழைய மாரிஸ் கார் நின்றிருந்தது. மெரூன் நிறம். துளி விழுந்த இடமெல்லாம் மாதுளை முத்தாய் மினுங்கியது. பக்கத்தில் கறுப்புக் குடையோடு டிரைவர் முத்துராமலிங்கம். ஆனால் குடை அவர் தலைக்கு மேல் இல்லை... திறந்து கிடந்த பானெட்டுக்கு மேல் இருந்தது!

ஸ்கூட்டரை ஓரங்கட்டி இறங்கிய அழகுசுந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"மெக்கானிக்கா?" டிரைவர் கண்ணாலேயே கீழே காட்டினார். "இங்குட்டுத்தான் இருக்காக."

காருக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சேறு படிந்த, சிவந்த பாதங்கள்... வெள்ளிக் கொலுசோடு!

"யாருண்ணே அது?" குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. "வழி கேக்க வந்தவகன்னா வழியைச் சொல்லி அனுப்புங்க. வேடிக்கை பாக்க வந்தவகன்னா சொல்லாமலே அனுப்புங்க."

"ரெண்டும் இல்லைங்க. உதவிக்கு வந்தேன்."

 கோணிச்சாக்கோடு நகர்ந்து அவள் வெளியே வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் ஸ்பேனர். கன்னத்தில் ஒரு கோடு கிரீஸ். மழை பட்டு இமைமுடிகள் ஒட்டிக்கொண்டிருக்க, அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவனை நிமிர்ந்து பார்த்தன. கோபமான கண்கள்தான்... ஆனால் இப்படியொரு அழகான கோபத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"என்ன கோளாறு?" என்று கேட்டான்.

"பெட்ரோல் ஏறலை. குழாயில அடைப்பு."

"ஊதிப் பாத்தீகளா?"

"ரெண்டு வாட்டி."

அவன் காரின் பின்பக்கம் போனான். பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகினான். 'புஸ்ஸ்' என்று உள்ளே காற்று பாய்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தவன், அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"மூடியில மூச்சு விடுறதுக்குன்னு ஒரு ஓட்டை இருக்கும்ல... அதையும் சேத்துப் பெயிண்ட் அடிச்சுப்புட்டீக! உள்ள காத்துப் போகாம வண்டி மூச்சு முட்டி நிக்குது!"

முத்துராமலிங்கத்திடம் ஊக்கு வாங்கி ஓட்டையைக் குத்தினான். அடுத்த நிமிடம் இன்ஜின் உறுமியது. டிரைவர் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. காது நுனிவரை சிவந்து நின்றாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"மன்னிக்கணும்... இந்தப் பெயிண்ட் யாரு அடிச்சது?"

"நான்தான். பன்னெண்டு கோட்டு. ஒவ்வொண்ணுக்கும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, காய வச்சு அடிச்சேன். அந்த ஓட்டையைத் தவிர வேற குத்தம் இருந்தா சொல்லுங்க."

ஒன்றும் இல்லை. கண்ணாடிபோல் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவன், ஏனோ வேறு எதையோ சொன்னான்.

"எங்கிட்டயும் இதே முப்பத்தாறாம் வருஷத்து மாரிஸ் இருக்கு. தை மாசம் காரைக்குடியில பழைய கார் கண்காட்சி வைக்கிறாகல்ல... அதுல விடப் போறேன்."

"நாங்களும்தான்." அவள் கதவைப் படாரென்று சாத்தினாள். "அன்னிக்குப் பாப்போம், யாரு சிரிக்கிறதுன்னு!"

கார் கிளம்பியது. அவன் வெள்ளைப் பேண்ட்டில் செம்மண் தண்ணீர் வாரியடித்தது. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை... ஆனாலும் கார் கண்ணுக்கு மறையும்வரை அழகுசுந்தரம் மழையில் அப்படியே நின்றிருந்தான்.

அவள் கொத்தமங்கலம் மெய்யநாதனின் ஒரே மகள், சாலா. கல்லூரியில் இயற்பியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பா அம்பாசடர் வாங்கிய நாளிலிருந்து மாரிஸ் கார் கொட்டகையில் கிடந்தது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. முட்டை எடுக்கப் போன சாலா ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். அன்றே கோழிக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. முதலில் ஹாரன் கத்தியது. தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு விளக்கு எரிந்தது, பிறகு சக்கரம் சுழன்றது. ஒன்றரை வருடத்தில் இன்ஜின் பேசியது.

"கையெல்லாம் கிரீசு. பொண்ணு பாக்க வாரவக என்ன நினைப்பாக?" என்று ஆத்தா சிகப்பி புலம்பாத நாளில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு ஆனது. தை மாதக் கண்காட்சிவரைக்கும்தான்... அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடக்கூடாது.

அதனால்தான் அந்தக் கண்காட்சி சாலாவுக்கு உயிராக இருந்தது. ஒரே ஒரு நாள், நாலு பேர் முன்னால், 'இதை நான் செய்தேன்' என்று நிற்க வேண்டும். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து இவன் வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறான்! நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது. எரிச்சல் என்றால் மறந்துவிட வேண்டியதுதானே... ஏன் தினமும் நாலு தடவை நினைக்கிறோம் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

கார்த்திகையில் காரைக்குடி பழைய இரும்புக் கடையில் மறுபடியும் பார்த்தாள். அவனே அருகில் வந்தான். உள்ளங்கையளவு தகரத்துண்டை நீட்டினான். அவன் அடித்த நீலப் பெயிண்ட் அதில் சுருங்கிச் சுருங்கிக் கிடந்தது.

"நாலு தடவை அடிச்சும் இப்படித்தாங்க வருது..."

சாலா தகரத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. கலகலவென்று சிரித்துவிட்டாள்.

"கத்திரிக்காயை வதக்கி ஒட்டுனாப்புல இருக்கு! ஒரு கோட்டு காயுறதுக்குள்ள அடுத்ததை அடிச்சிருக்கீக. பொறுமை வேணும்."

"கத்துக்கிறேன்," என்றான் அவன். பெயிண்டைப் பற்றித்தான் சொன்னானா? சாலா சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒத்திகை ஓட்டத்தில் சாக்கோட்டை தாண்டியதும் ரேடியேட்டர் தண்ணீரெல்லாம் ஒழுகிப் போனது யாருக்கும் தெரியவில்லை. குபுகுபுவென்று ஆவி. 'டங்' என்று ஒரு சத்தம். இன்ஜினுக்கு மேல் மூடியாக உட்காரும் கனத்த இரும்புத் துண்டு, சிலிண்டர் ஹெட், குறுக்கே விரிசல் விட்டிருந்தது. மதராசுக்குத் தந்தி அடித்தார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய சாமான், எங்கும் இல்லை என்று பதில் வந்தது. சாலா கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

முத்துராமலிங்கம் யாரிடம் போய்ச் சொன்னாரோ... மறுநாள் ஒரு சாக்குப்பொதி வந்தது. உள்ளே ஒரு சிலிண்டர் ஹெட்! கூடவே ஒரு சீட்டு. 'என் வண்டி இந்த வருடம் வரவில்லை. இது சும்மாதான் கிடக்கிறது. அ.சு.'

சாலா அதைத் தடவிப் பார்த்தாள். நட்டு கழற்றிய தடம் புத்தம்புதிதாக மின்னியது. நேற்றுவரை ஓடிய ஹெட். 'சும்மா கிடக்கிறதாம்... பொய்யைப் பாரு!' நெஞ்சு என்னவோ செய்தது. கூடவே ரோஷமும் வந்தது. சீட்டின் பின்புறத்திலேயே எழுதினாள். 'பிறர் தயவில் என் வண்டி ஓட வேண்டாம்.'

பொதி திரும்பிப் போனது. மறுநாள் காலை அதைத் தோளில் சுமந்துகொண்டு அழகுசுந்தரமே வந்துவிட்டான்.

முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மெய்யநாதன் நிமிர்ந்தார். "தம்பி யாரு?"

"அமராவதிபுதூர், அழகுசுந்தரம். காரைக்குடி ஆராய்ச்சி நிலையத்துல வேலைங்க. உங்க மக கிட்ட ஒரு மன்னிப்புப் பாக்கி இருக்கு."

தூணுக்குப் பின்னால் கொலுசு அசைந்தது. அந்தத் திசையைப் பார்த்தே அவன் பேசினான்.

"அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு. அதுக்கு அபராதமா இதை வாங்கிக்கங்க."

"ஒரு சிரிப்புக்கு ஒரு காரையே அபராதம் கட்டுவாகளா?" தூணிலிருந்து பதில் வந்தது. "உங்க வண்டியை நிறுத்திட்டு என் வண்டி எப்படிப் போகும்?"

"என் வண்டி போனா இன்ஜின் தெரிஞ்ச நாலு பேரு தலையாட்டுவாக. உங்க வண்டி போனா ஊரே நின்னு பாக்கும். எனக்கு அதைப் பாக்கணும்ங்க..."

 சாலா தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"சரி. கார் மேல மாட்டுற அட்டையில 'சீர் செய்தவர்'னு ஒரு வரி இருக்கு. அதுல உங்க பேரும் வரணும்."

பேப்பர் மடியில் விழுந்தது. "சாலா! கல்யாணமாகாத பொண்ணு பேரையும் யாரோ ஒரு பிள்ளை பேரையும் ஒரே அட்டையில எழுதி, ஊரு நடுவுல மாட்டுறதா? என்ன பேச்சுப் பேசுற?"

"அய்யா, என் பேரு வேண்டாம்ங்க," என்றான் அவன் அவசரமாக.

"அப்ப வண்டியும் வேண்டாம்," என்றாள் சாலா. குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை நடுங்கவில்லை. "அடுத்தவக உழைப்பை என் பேருல காட்டிக் கைதட்டு வாங்க எனக்குத் தெரியாது, அப்பச்சி."

விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அவன் ஹெட்டை முகப்பிலேயே வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.

மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மெய்யநாதன் இறங்கி வரவில்லை. சாலா கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஒன்றரை வருட உழைப்பு கண்ணெதிரே வீணாகிறது... இருந்தும் ஒருதடவைகூட, 'அவர் பேரை விட்டுவிடுவோமே' என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதைக் கவனித்தது சிகப்பி மட்டும்தான்.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் சிகப்பி சாதாரணமாகச் சொன்னாள்.

"ரெண்டு பேரையும் எழுதட்டும்."

"நீயுமா?" என்றார் மெய்யநாதன்.

சிகப்பி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தார். மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அட... சரி சரி. எழுதுங்க," என்றுவிட்டு எழுந்து போனார்.

சாலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. அடுத்த மூன்று நாள், கொட்டகையில் பகலெல்லாம் வேலை. வாசலில் நாற்காலி போட்டு முறுக்குத் தட்டோடு சிகப்பி காவல். இன்ஜினுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். ஒரே நேரத்தில் இருவர் கையும் ஒரே துணிக்குப் போய், விரல்கள் பட்டு, இருவரும் கையை இழுத்துக்கொண்டு... துணி கீழே விழுந்தது. எடுக்க மறுபடியும் இருவரும் குனிந்தார்கள். 'நங்' என்று தலையும் தலையும் முட்டிக்கொண்டன.

"முறுக்கு வேணுமா தம்பி?" என்றாள் சிகப்பி, எதையும் பார்க்காதவள்போல.

பொங்கல் கழிந்த ஞாயிறு. மைதானம் நிறைய ஜனம். பதினேழு கார்கள். மெரூன் நிற மாரிஸ் வெயிலில் வந்து நின்றபோது, பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கி முழங்கியது.

"அடுத்து, கொத்தமங்கலம் மெய்யநாதன் அவர்களின் 1936ஆம் வருட மாரிஸ்... சீர் செய்தவர்கள், சாலா, அழகுசுந்தரம்!"

கைதட்டல் எழுந்தது. "புதுசாக் கட்டிக்கிட்டவக போல," என்று கூட்டத்தில் யாரோ சொன்னது இருவர் காதிலும் விழுந்தது. அவன் சக்கரத்தைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள்.

முதல் பரிசு திருச்சியிலிருந்து வந்த ஒரு பெரிய ஃபோர்டுக்குப் போனது. மாரிஸுக்கு இரண்டாவது. வெள்ளிக் கோப்பையை மெய்யநாதன் மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் காட்டப் புறப்பட்டுவிட்டார். பின்சீட்டில் சிகப்பி விசிறிக்கொண்டிருந்தாள். காரின் முன்னால் அவர்கள் இருவரும் நின்றார்கள்.

"உங்கள ஒண்ணு கேக்கணும்..." அழகுசுந்தரத்துக்கு வேர்த்தது. "நீங்க... எந்தக் கோயில்?"

எதற்குக் கேட்கிறான் என்று சாலாவுக்குப் புரிந்தது. அவர்கள் பிறந்த நகரத்தார் சமூகத்துக்கு ஒன்பது கோயில். ஒரே கோயில் என்றால் பங்காளி, கூடப்பிறந்தவர் முறை. வேறு வேறு கோயில் என்றால்தான் கல்யாணப் பேச்சே எடுக்க முடியும். இந்தக் கேள்வியை எத்தனை நாளாக அவளும் தொண்டைக்குள்ளேயே வைத்திருக்கிறாள்... பதில் தப்பாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்!

"நேமங்கோயில்," என்றாள் மெல்ல. அவன் முகத்தையே பார்த்தபடி, "நீங்க?" என்றாள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். "வயிரவன்கோயில்!"

இருவர் நெஞ்சிலிருந்தும் ஒரே நேரத்தில் பெருமூச்சு இறங்கியது.

"அதை நான் தம்பி வீட்டுக்கு வந்த அன்னிக்கே அமராவதிபுதூருக்கு ஆள் விட்டு விசாரிச்சுட்டேன்," என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. சிகப்பி கதவைத் திறந்து இறங்கினாள். "நான் வளையல் கடைப் பக்கம் போயிட்டு வாரேன். மேல பேசுங்க."

ஆத்தா போவதையே பார்த்துக்கொண்டு நின்ற சாலாவின் கன்னம் பெயிண்டைவிடச் சிவந்துவிட்டது.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, சாலா," என்றான் அவன். "கல்யாணத்துக்குக் கேட்டு எங்க வீட்டுலேருந்து வரச் சொல்லட்டுமா? அங்கயும் ஒரு கார் பாதியில நிக்குது... பெயிண்ட் அடிக்கப் பொறுமையான ஆளு இல்லாம."

அவள் முந்தானை நுனியால் பானெட்டில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"நான் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே..."

"என்ன சொல்ல?" சாலா அந்தப் பெரிய கண்களை நிமிர்த்தினாள். இப்போது அதில் கோபம் ஒரு துளிகூட இல்லை. "மூணு நாளா உங்களுக்கு எதித்தாப்புல நின்னு வேலை பாத்தேன்ல... ஒரே நட்டை நாலு வாட்டி கழட்டிக் கழட்டி முடுக்குனேன். வேலை முடிஞ்சிட்டா நீங்க போயிருவீகளேன்னு..."

சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். விரலிடுக்கு வழியே மெதுவாக வந்தது மிச்சம்.

"வரச் சொல்லுங்க... சீக்கிரமா வரச் சொல்லுங்க."