ஓட ஓட ஏறிய முள்

டேங்க்கைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும் பெட்ரோல் முள் பாதியில் நின்றது.

மெக்கானிக் சாவியை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். டேங்க்குக்குள் இருக்கும் மிதவையிலிருந்து வருகிற ஒயர் கழன்று தொங்கியது. முள் அடியில் விழுந்து கிடக்க வேண்டும். பழைய வண்டிதானே, எங்கேயாவது ஒயர் உரசியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். விடுமுறை நாள் மத்தியானம். மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் நெடியும் ஈரத் துணியின் வாடையும் கலந்து தொண்டையை அடைத்தன. தகரக் கூரை வெயிலில் நெளிந்து எங்கோ ஒரு மூலையில் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது.

ஷட்டரை அவர்தான் இறக்கியிருந்தார். யாரும் பார்க்கக்கூடாத வேலை அது.

வண்டி அவர் தம்பியுடையது. போன மாதம் மேட்டுச் சாலை வளைவில் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. கதவோரம் நின்று, ஜன்னல் வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டிருந்தவனை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. வண்டிக்குப் பக்கக் கண்ணாடி மட்டும்தான் போனது.

காலையில் தம்பி மனைவி வந்திருந்தாள்.

"மாமா, எல்லாரும் அவரைத்தான் குத்தம் சொல்றாங்க. பெட்ரோல் இருக்கான்னுகூடப் பார்க்காம கிளம்புன பொறுப்பில்லாத மனுஷன்னு. அத்தையும் அப்படித்தான் நினைக்கிறாங்க. முள்ளு தப்பா காட்டுச்சா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"பிரிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேம்மா."

பார்க்க என்ன இருக்கிறது? விபத்துக்கு முந்தின நாள் மிதவையை மாட்டியது அவர் கைதான். தம்பியோடு அரட்டையடித்துக்கொண்டே தலைகீழாக மாட்டிவிட்டார். டேங்க்கில் சரியாகப் பாதி பெட்ரோல் இருந்தது. பாதியை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பாதிதான். முள்ளும் பாதி காட்டியது. காலி டேங்க்கில் ஒரு தடவை பார்த்திருந்தால் முள் ஃபுல்லென்று காட்டிக்கொடுத்திருக்கும். சோம்பல், வேறென்ன?

மறுநாள், விபத்துக்குக் கொஞ்சம் முன்னால், வழியிலிருந்து தம்பி போன் செய்தான்.

"அண்ணா, உன் கைராசியே ராசி. ஓட ஓட பெட்ரோல் ஏறுது."

"ஏறுனா நல்லதுதானடா. பேசாம போ."

வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

இப்போது மிதவையை நேராக்கிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. செத்தவனுக்கு என்ன நல்ல பேர், என்ன கெட்ட பேர்? அப்படி நினைத்தபோதே கண் கரித்தது. துடைத்துக்கொண்டு ஸ்குருக்களைக் கழற்றினார். மிதவையைத் திருப்பி மாட்டினார்.

வண்டிக்குள்ளே ஏதோ முனகியது.

எட்டிப் பார்த்தார். முள் பாதியைத் தாண்டியிருந்தது. பேட்டரி ஒயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. முள் நிற்கவில்லை. முக்கால். பொறுமையாக, ஒரு முழு நாள் ஓட்டத்தையும் அது திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

கூரைச் சத்தம் நின்றுபோனது.

முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஃபுல்.

வண்டி ஒரு முறை குலுங்கியது. பிறகு நகர்ந்தது. மெதுவாக. மேட்டில் ஏறுவதுபோல் மூக்கைத் தூக்கிக்கொண்டு. பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போனது. கதவைத் தள்ளினார். வெளியிலிருந்து யாரோ சாய்ந்திருந்தார்கள்.

மூச்சிரைப்பு. காதுக்குப் பக்கத்தில்.

ஜன்னல் வழியாக ஒரு கை வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தது. முழங்கைவரை தார்ப்பொடி.

"அண்ணா, ஃபுல்லுன்னுதானே காட்டுது? அப்புறம் ஏன் நின்னுச்சு?"

நான்தான்டா, என் தப்புதான்டா என்று சொல்ல வாயெடுத்தார். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. தம்பியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அது வரவில்லை.

பின்பக்கம் காட்டும் உள்கண்ணாடியில் ஷட்டர் இல்லை. வளைவு இருந்தது. வளைவில் இரண்டு விளக்குகள். பெரிதாகிக்கொண்டு.

தம்பி பின்னால் திரும்பவே இல்லை. வெளிச்சம் அவன் முதுகிலேறி, தோளிலேறி, காது மடல்களைச் சிவப்பாக்கியது. தள்ளிக்கொண்டே அண்ணன் முகத்தைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்தான்.