மூத்தாள் சேலை

குருசாமிக்கு இரண்டாம் தாரமாக ராஜபாளையத்து வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது போன ஆவணியில். பழைய ஓட்டு வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கைப்பிடிச் சுவர் பாதி இடிந்த கிணறு. மூத்தவள் வெள்ளத்தாய் அதில்தான் வழுக்கி விழுந்து செத்தாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். எனக்கு வயது முப்பத்தொன்பது. தளவாய்புரத்தில் நைட்டி தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போயிருந்தது. வந்த இடத்தைக் குறை சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்?

அறை மூலையில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் வெள்ளத்தாய்க்குப் படைத்த சேலை. அவள் செத்த நாளில் வருடா வருடம் புதுச் சேலை எடுத்து வைக்க வேண்டும். புதியதை வைத்த பிறகுதான் பழையதை எடுத்து வீட்டுக்காரி உடுத்தலாம்.

"பெட்டி மட்டும் ஒரு நிமிசங்கூட வெறுசா இருக்கக்கூடாதுட்டி பரிபூரணம். அவளுக்கு உடுத்தத் துணி இல்லாமப் போயிரும்," என்று முதல் நாளே சொன்னான் குருசாமி.

புருஷனைப் போய் அவன் இவன் என்கிறாளே என்று பார்க்காதீர்கள். கேட்டு முடித்தபிறகு நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். கல்யாணமான பதினாறாம் நாள் முதல் அடி விழுந்தது. குழம்பில் உப்புக் குறைந்ததற்கு. அப்புறம் காரணம்கூடத் தேவைப்படவில்லை.

அவள் செத்த நாள் சித்திரையில் வந்தது. முந்தின நாள் சேலை எடுக்கப் போனவன் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். காலையில் அப்படியே மில்லுக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான். நான் மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தேன். செத்தவளுக்கு ஒரு சேலை எடுக்கத் துப்பில்லாத பயலுக்கு நான் சோறு வேறு ஆக்க வேண்டுமா? ஆத்திரம் தலைக்கேறியது. பெட்டியைத் திறந்தேன். செங்கல் நிறச் சேலை. போட்டிருந்த நைட்டிக்கு மேலேயே சுற்றிக்கொண்டேன். வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன்.

பெட்டி வெறுமையாகிவிட்டது.

உச்சி வெயில். கரண்ட் இல்லாததால் தெருவில் தறிச் சத்தமும் இல்லை. சேலையிலிருந்து கிணற்றுப் பாசி வாடை வந்தது. ஒரு வருடம் ஓலைப்பெட்டியில் கிடந்த துணி அது. இடுப்பைச் சுற்றிய இடத்தில் மெதுவாக ஈரமாகியது.

"இப்ப நாயி கொரைக்கும்."

காதுக்கு அருகில் யாரோ சொன்னார்கள். தெருவில் நாய் குரைத்தது.

"இப்ப தட்டு விழும்."

அடுப்படியில் தட்டு விழுந்து உருண்டது.

"யாரு?" என்றேன்.

"மூத்தவ."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"செத்தா முடிஞ்சிரும்னு நெனச்சேன்," என்றது அந்தக் குரல். "முடியலட்டி. கண்ண மூடுனேன், மறுபடி எங்காத்தா வயித்துலருந்து வந்தேன். அதே கல்யாணம். அதே அடி. அம்புட்டும் அப்படியே, ஒரு பருக்கை மாறல. எம்புட்டுத் தடவைனு எனக்கே தெரியாது. சந்தோசமா வாழ்ந்தவ, திரும்ப வந்தா கும்பிட்டு வாங்கிக்குவா. நமக்கு என்னத்துக்கு?"

"நான் என்ன பாவம் செஞ்சேன்க்கா?"

"நான் மட்டும் என்ன செஞ்சேன்? நீயும் சுத்து."

அந்தக் குரலில் துளி இரக்கம் இல்லை. சேலையை உருவப் பார்த்தேன். முடிச்சு கைக்கு அகப்படவில்லை. அதற்குள் வாசல் கதவு திறந்தது.

"சோறு எங்கட்டின்னு கேப்பான்."

"சோறு எங்கட்டி?" என்றான் குருசாமி. சேலையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"ஆருட்டி இத எடுக்கச் சொன்னது?"

பின்பக்கம் ஓடினேன். கிணற்றைத் தவிர அங்கே போக இடம் இல்லை.

"கன்னத்துல ஒண்ணு."

விழுந்தது.

"இப்ப முந்தானையப் பிடிப்பான். பொறவு தள்ளுவான்."

வழுக்கி விழுந்தாளாம்! ஊரே நம்பிய பொய்.

முந்தானையைப் பிடித்தான். இடிந்த சுவர் என் முதுகில் குத்தியது. கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. நான் சாகப் போகிறேன் என்று தெரிந்தது. செத்து, திரும்பப் பிறந்து, இதே சுவருக்கு வரப்போகிறேன் என்பதுதான் அதைவிடக் கொடுமையாக இருந்தது.

சுற்றினேன். அவன் பிடித்த பக்கமே சுழன்றேன். சேலை உருவிக்கொண்டு அவன் கையோடு போனது. நைட்டியோடு வாசலுக்கு ஓடினேன்.

காதில் குரல் இல்லை. அவள் கதை அந்தச் சுவரோடு முடிந்தது; அதற்குப் பிறகு நடப்பது எதுவும் வெள்ளத்தாய்க்குத் தெரியாது. செருப்பில்லாமல் பஸ் ஏறியபோது நான் அழவில்லை, சிரித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், என்னோடு நைட்டி தைத்த ஹெப்சிபா வீட்டில் தங்கினேன். பால்கோவா போடும் இடத்தில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க அடுப்புச் சூட்டில் நின்று பாலைக் கிண்ட வேண்டும். தோள் கழன்றது. ஆனால் ராத்திரி அடி இல்லை. யாரும் எனக்கு முன்னால் எதையும் சொல்லவில்லை. வயிறாரச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹெப்சிபாவின் போன் அடித்தது; எனக்குத்தான் என்று நீட்டினாள்.

"ஏட்டி பரிபூரணம், குடிய விட்டுட்டேன். ஒனக்கும் ஒரு புதுச்சேலை எடுத்து வச்சிருக்கேன். செத்த வந்துட்டுப் போயேன்," என்றான்.

நாசமாப் போறவனே, உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறக்கப் போனேன்.

"வாரேன்."

காதுக்கு அருகில்தான் கேட்டது. பாசி வாடை இல்லை. வெள்ளத்தாயும் இல்லை.

அது என் குரல்.

அப்படியானால் நான் சேலையை உருவிவிட்டு ஓடிவந்ததும் ஏற்கனவே நடந்ததுதான். சிரித்துக்கொண்டே பஸ் ஏறியதும்தான். பால் கிண்டியதும், இந்தப் போனும், இதற்குப் பிறகு நான் திரும்பிப் போனதும். எம்புட்டுத் தடவை என்று எனக்கும் தெரியாது.

உதட்டைப் பல்லால் கடித்தேன். சோற்றுக் கையால் வாயைப் பொத்தினேன். ஒரு சத்தம் வெளியே வரவிடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவே சாட்சி.

"சரிட்டி," என்றான் குருசாமி போனில். "நாலு மணி பஸ்ஸுக்கு வந்து நிக்கேன்."