இருவரும் ஒருவரா?

'இல்லை' என்று ஒரு முறை பதில் சொல்லியாகிவிட்டது. இருந்தும் அதே கேள்வி திரும்பி வந்து திரையில் நின்றது. இடப்பக்கம் பெரியவரின் பதிவு. வலப்பக்கம் அவருடைய தம்பியின் பதிவு. நடுவில், 'இருவரும் ஒருவரா?'

தகப்பனார் தொடங்கிவைத்த முதியோர் இல்லத்துக்கு நன்கொடை திரட்டுவது இப்போது பெரியவரின் பொறுப்பு. பழைய மென்பொருளில் கிடந்த கொடையாளர் விவரங்களைப் புதியதோடு இணைக்கும் வேலையை, வீட்டின் கீழ்த்தள அறையில் ஒண்டியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் சேர்த்துவிட வேண்டும்; வேறு வேறு ஆட்கள் என்றால் 'இல்லை' என்று தள்ளிவிட வேண்டும். மற்ற ஜோடிகள் எல்லாம் மறுபேச்சில்லாமல் நகர்ந்தன. இது மட்டும் நகரவில்லை.

மென்பொருள்காரனுக்குப் போன் போட்டார். ஒரே விலாசம், ஒரே போன் நம்பர், அதனால்தான் அதற்குச் சந்தேகம் என்றான். தம்பிக்குத் தனி நம்பர் கிடையாதா என்றும் கேட்டான். இந்தக் குடும்பத்துக்கு ஒரு நம்பர் போதும், யார் கொடுத்தாலும் ரசீது அந்த நம்பருக்குத்தான் போக வேண்டும் என்பது பெரியவர் வைத்த சட்டம். அதை அந்நியனிடம் சொல்வானேன் என்று, சேர்த்தால் என்ன ஆகும் என்று மட்டும் அவனைக் கேட்டார்.

"பாத்து சார். சேத்துட்டா மூத்த பதிவு நிக்கும், இன்னொண்ணு அதுக்குள்ள கரைஞ்சிடும். அப்புறம் பிரிக்க முடியாது. கல்யாணம் மாதிரி."

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து, மகனும் கண்காணாத ஊரில் தங்கிவிட்ட பிறகு, தலைக்கு மேல் கேட்கும் தம்பியின் காலடி ஒன்றுதான் அந்த வீட்டில் அவருக்குத் துணை. அந்த ஓசை இன்று அலமாரிக்கும் கட்டிலுக்குமாக ஓயாமல் அலைந்து, நடுநடுவே பெட்டி இழுபடும் கரகரப்போடு கூரை வழியே இறங்கி, அவர் பிடரியில் வந்து உட்கார்ந்தது. காலையில் அவன் கேட்டது இன்னும் காதில் எரிந்தது.

"என் பாகத்தைப் பிரிச்சுக் குடுத்துடுங்கண்ணா. உங்க நிழல்லயே இருந்து எனக்கு அலுத்துப்போச்சு."

பாகம் பிரித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு எழுந்துவந்திருந்தார். போகாதே என்று சொல்ல அந்த நாக்கு பழகவில்லை.

மறுபடி 'இல்லை' கொடுத்தார். மறுபடி அதே கேள்வி. மேலே பெட்டியின் பூட்டு சொடுக்கியது.

இந்த வீட்டில் ரெண்டு பேர் ஏது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, 'ஆம்' என்பதை அழுத்தினார்.

காலடி நின்றது.

நடந்து வந்தவர் நிற்கிற மாதிரி இல்லை. தூக்கிய கால் தரைக்கு வராத மாதிரி.

அவர் காத்திருந்தார். கணினியின் விசிறி மெல்ல இரைந்தது. எங்கிருந்தோ வலித் தைலத்தின் நெடி வந்தது. தம்பி முழங்காலுக்குத் தேய்ப்பது. மாடிக் கதவு திறந்திருக்கும் என்று நினைத்தார். ஆனால் நெடி தன் சட்டைக் கழுத்திலிருந்து எழும்பியது.

படியேறினார். முழங்கால் வலித்தது. அவருக்கு முழங்கால் வலி என்றும் இருந்ததில்லை.

மாடி அறையில் விளக்கு எரிந்தது. கட்டில்மேல் பூட்டிய பெட்டி. வாசலை நோக்கிச் செருப்புகள், ஒன்றுக்கு முன் ஒன்றாக, நடக்கும் வாக்கில். அவற்றின்மேல் சரிந்து கிடந்தது தம்பியின் சட்டை. எல்லாப் பொத்தானும் போட்டபடி.

தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது.

குளியலறை. காலி. மொட்டை மாடிக் கதவு. உள்பக்கம் தாழ்.

"தம்பி," என்று கூப்பிட்டார்.

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அந்தக் குரல் நடுங்கியது. சுவர்கள் சும்மா இருந்தன. பிறகு அவருடைய தாடை தானாக அசைந்தது. நாக்கு புரண்டது. அவருடையது அல்லாத ஒரு மூச்சு தொண்டைக்குள் ஏறி வந்தது.

"இங்கதான் இருக்கேண்ணா."

பெரியவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுத்திப் பொத்தினார்.

உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் பேசிக்கொண்டே இருந்தன.