குருத்தழுகல்

மாடியில் இருக்க வேண்டிய நாற்றம் கீழே அறைக்குள் இருந்தது.

தனசேகரன் கட்டிலில் படுத்தபடியே மூக்கை இழுத்துப் பார்த்தார். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த மத்தியானம். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கைத்தறி தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, தாழ்வார ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணி அதற்கு ஒத்து ஊதிக்கொண்டிருந்தது, நனைந்த சுண்ணாம்பும் மூலையில் மடித்துப் போட்ட கோணியும் அவரவர் வாசனையை விட்டுக்கொண்டிருந்தன. இதுக்கெல்லாம் அடியில் அது. வெல்லப்பாகில் கருவாட்டைப் போட்ட மாதிரி. சாயப் பட்டறையில் சவுக்காரம் போட்டுப் பட்டு நூலை வேகவைத்தே கிழவனான ஆள் அவர். அந்த ஆவியில் உட்கார்ந்து சோறு தின்றவர். டாக்டர் பொய் சொல்வான், மருந்துக்கடைக்காரன் பொய் சொல்வான். மூக்கு சொல்லாது.

அந்த நாற்றத்தை அவருக்கு முதலில் காட்டியது மருமகள் சிம்ரன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை அவளுக்கு. மிச்ச நேரத்தில் மொட்டைமாடியில் பச்சை வலை கட்டி, அதுக்கடியில் ஆர்க்கிட் செடி வளர்த்து, போன் வழியாகவே விற்கிறாள். அடுப்புக்கரியையும் தேங்காய் மட்டையையும் பிடித்துக்கொண்டு வளர்கிற செடி. மண் இல்லாமல் உயிரோடு இருக்கிற எதையும் தனசேகரன் நம்புவதில்லை. ஆனாலும் அவள் பஸ் ஏறிய பிறகு தண்ணி விடுவது அவர்தான். வேரில் மட்டும் விடச் சொல்லியிருந்தாள். அவர் குழாயைப் பிடித்து உச்சியிலேயே அடிப்பார். குளிப்பாட்டுகிறதென்றால் தலையோடுதானே.

போன வாரம் அவள் மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, இங்க வாங்க. இன்னா பண்ணி வச்சிருக்கீங்க பாருங்க."

விரல் நீளத்துக்கு வந்திருந்த புதுக் குருத்து. அடியில் டீ நிறத்தில் ஒரு ஈரப் புள்ளி. அவள் இரண்டு விரலால் பிடித்தாள். இழுக்கக்கூட இல்லை. கையோடு வந்துவிட்டது, சத்தமே இல்லாமல். அப்புறம் அந்த நாற்றம்.

"உச்சியில தண்ணி நின்னா குருத்து அழுகிடும். பழைய தண்டு தாங்கும். புதுசா வர்றதுதான் முதல்ல போவும். அப்பறம் அது வழியா இறங்கி மொத்தத்தையும் முடிச்சிடும்."

"பூ வியாபாரம் பண்றியா, பொணம் அறுக்கிறியா?"

"ரெண்டும்தான் மாமா. அந்த பிளேட குடுங்க."

மெழுகுவர்த்தியில் பிளேடைச் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, தண்டில் ஒரு வெட்டு வெட்டினாள். உள்ளே பழுப்பு. மறுபடி சுட்டு, இன்னும் கீழே. பழுப்பு. அதுக்கும் கீழே வெட்டியபோது நறுக்கின உருளைக்கிழங்கு மாதிரி வெள்ளையாக இருந்தது. அதன்மேல் லவங்கப்பட்டைத் தூளை வைத்து அழுத்தினாள்.

"வெள்ளை வர்ற வரைக்கும் வெட்டணும் மாமா. பாவம் பாத்து ஒரு பொட்டு விட்டா திரும்ப வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட சுடணும், மறந்துடாதீங்க. இல்லன்னா இதுல இருக்கிறது அடுத்ததுக்குப் போய்டும்."

"ஆசுபத்திரியில கூட இவ்ளோ பாக்க மாட்டானுங்க."

அவள் போன பிறகு மிச்சச் செடிகளை அவரே பார்த்தார். அழுகல் கண்ட இடத்தில் வெட்டினார். பிளேடைச் சுடவில்லை. நெருப்பில் காட்டினால் கூர் மழுங்கும், மெழுகுவர்த்தியும் வீண். வேலை முடிந்ததும் தண்ணித் தொட்டி ஓரம் உட்கார்ந்து, பட்டறைக் காலத்திலிருந்து செய்கிற மாதிரியே, கையிலிருந்த அதே பிளேடால் கால் நகத்தை வெட்டிக்கொண்டார். வலது கட்டைவிரலில் நகத்தோடு கொஞ்சம் சதையும் வந்தது. தெரியவில்லை. சர்க்கரை வந்ததிலிருந்து கணுக்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. லுங்கியில் துடைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

சர்க்கரை அவர் தம்பிக்கும் இருந்தது. தாமலில் இருந்த அர்ஜுனன். ஆசுபத்திரியில் முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதி பாதம். அப்புறம் முட்டி. அப்புறம் தொடை. ஒவ்வொரு தடவையும் இதோடு சரியாகிவிடும் என்றார்கள். கடைசியில் ஒரே ஆளாகத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற அளவுக்கு ஆகி வீட்டுக்கு வந்தான். செத்தான். அன்றைக்கே தனசேகரன் முடிவு பண்ணிவிட்டார். தன் காலை எந்த டாக்டரும் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் விரல் கறுத்ததும், குளிருகிறது என்று சொல்லி, மகன் சந்தோஷ்குமாரின் பழைய சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இப்போது எழுந்து உட்கார்ந்து வலது சாக்ஸைக் கழற்றினார்.

கட்டைவிரல் நகத்தின் அடியில் டீ நிறம். இரண்டு விரலால் நகத்தைப் பிடித்தார். இழுக்கவில்லை. கையோடு வந்துவிட்டது.

நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தார். அடிக்கவில்லை. ஜன்னலில் மழைத்தண்ணி ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் குனிந்தபோது, நகம் இருந்த பள்ளத்தின் நடுவில் ஏதோ பச்சையாக இருந்தது. நெல்லு முனை அளவு. பட்டறைச் சாயம் எங்கேயோ ஒளிந்திருந்து வருகிறது என்று நினைத்து எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. அழுத்தினார். கெட்டியாக இருந்தது.

அழுத்தினது தெரிந்தது.

செத்துப்போன பாதத்தில் அந்த ஒரு முனையில் மட்டும் தெரிந்தது. வலி இல்லை. யாரோ தொடுகிற மாதிரி.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. லவங்கப்பட்டைத் தூளை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார். சிம்ரன் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திச் சாக்ஸைக் கழற்றுவார். அது வளர்ந்துகொண்டிருந்தது. விரல் கணு நீளம் வந்து, முனையில் மடிப்பு விட்டது. ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தது. அவர் காலைத் திருப்பி வைத்தால், மத்தியானத்துக்குள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. காத்து பட்டால் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

"மாமா, உங்க ரூம்ல எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"எலிதான்."

"அந்த சாக்ஸ கழட்டுங்க. அதுதான் நாறுது."

"உன் செடிய நீ பாரு."

"செடிய பாத்துக்கினுதான் இருக்கேன். நீங்க நொண்டிக்கினு நடக்கிறதையும் பாத்துக்கினுதான் இருக்கேன். பாதி நாள் லீவு சொல்லிட்டு வரேன். நாலு மணிக்கு ஆட்டோ. ஆசுபத்திரிக்குப் போறோம். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என் கால வெட்டத்தான் இவ்ளோ அவசரமா?"

"யாரு மாமா வெட்டச் சொன்னா? காட்டிட்டு வருவோம், அவ்ளோதான்."

அர்ஜுனனிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் போனதும் தாழ்ப்பாள் போட்டார். சாக்ஸைக் கழற்றினார். குருத்தின் அடியில் ஒரு புள்ளி. டீ நிறம். ஈரம். காலையில் குளித்தபோது மடிப்பில் தண்ணி நின்றிருக்கும்.

தொட்டுப் பார்த்தார். தெரியவில்லை.

கரண்டு இல்லை. மழை இருட்டு. தறி அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு முன்னால் பழைய பேப்பரை விரித்தார், மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார், டப்பாவைத் திறந்துவைத்தார். இந்தத் தடவை பிளேடை நன்றாகச் சுட்டார். சிவக்கிற வரைக்கும். ஆறுகிற வரைக்கும் பொறுத்தார். ஒரு பொட்டு விட்டாலும் திரும்ப வரும். ஒரு தடவை சுத்தமாக எடுத்துவிட்டால், எந்த டாக்டருக்கும் வேலை இல்லை.

குருத்தை வெட்டினார். உள்ளே பழுப்பு.

சுட்டார். விரல் நுனியில் வைத்தார். வலிக்கவில்லை. பழுப்பு.

சுட்டார். விரல் அடியில். எலும்பு தடுக்கும் என்று நினைத்தார். தடுக்கவில்லை. வாழைத்தண்டு மாதிரி போனது, நூல் நூலாக நாரை விட்டுக்கொண்டு. பழுப்பு.

வெட்டினதை எடுத்துப் பேப்பரில் ஓரமாக வைத்தார். பாவம் பார்க்கக் கூடாது. சுட்டார். தறி ஒரு அடி. அவர் ஒரு வெட்டு. தறி ஒரு அடி. பாதம். பழுப்பு. பேப்பர் போதவில்லை. இன்னொன்று விரித்தார். கணுக்கால். அதுக்கு மேலே தெரிய வேண்டும். தெரியவில்லை. எப்போது இவ்வளவு மேலே ஏறியது? சுட்டார். பழுப்பு.

தறி நின்றது. தறிக்காரன் டீ குடிக்கப் போயிருப்பான்.

சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலைப் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மழை எப்போதோ நின்றிருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"மாமா? ஆட்டோ வந்துடுச்சு. கதவ தெறங்க."

அவர் பிளேடை நெருப்பில் காட்டினார்.

"மாமா, இன்னா இது, கதவுக்கடியில ஈரமா வருது? மாமா?"

"இரும்மா," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இன்னும் வெள்ளை வரல."

பிளேடு சிவந்தது. ஆறட்டும் என்று பிடித்துக்கொண்டு, பேப்பரைப் பார்த்தார். முதலில் வெட்டினது அந்தக் கோடியில் இருந்தது, அதற்கடுத்து அடுத்தது, வரிசையாக. ஜன்னல் வெயில் அதுகள்மேல் விழுந்திருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பச்சை முனை வெளியே வந்து, வெயில் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. சிம்ரன் கதவை இடித்தாள். அந்த அதிர்வு ஒவ்வொரு முனையிலும் அவருக்குத் தெரிந்தது.

முட்டிக்கு மேலே பிளேடை வைத்தார்.